பைடோவாவில் தண்ணீர் வேலை: ஒரு வறட்சிக்காலத்தில் கற்றவை

2017 மார்ச் 4 அன்று சோமாலியாவின் அன்றைய பிரதமர் ஹசன் அலி கைரே ஒரு தகவலை வெளியிட்டார். பே பகுதியில் 48 மணி நேரத்தில் 110 பேர் இறந்திருக்கிறார்கள், காரணம் பசியும் வயிற்றுப்போக்கும் என்றார். உலகம் முழுக்க அது 'பசிக்கு 110 பேர் பலி' என்றே போயிற்று. வயிற்றுப்போக்கு செய்தியின் உள்ளே எங்கோ ஒரு மூலையில் கிடந்தது. அந்த மூலைதான் என் வேலை. பே பகுதியின் தலைநகரான பைடோவாவில் அந்த ஆண்டு ஓர் உதவி அமைப்பின் தண்ணீர், சுகாதாரப் பிரிவில் பொறியாளராக இருந்தேன்.

உணவே இல்லாமல் பட்டினி மட்டுமே ஒருவரைக் கொல்ல நாளாகும். பெரும்பாலும் அதற்குள் காலராவோ தட்டம்மையோ நிமோனியாவோ முந்திக்கொள்ளும். 1992 பஞ்சத்தில் பைடோவாவுக்குச் 'சாவு நகரம்' என்றே பெயர் விழுந்தது. அப்போது அங்கே நடத்திய ஆய்வில் இறப்புகளுக்கு முக்கியக் காரணங்களாகத் தெரிந்தவை தட்டம்மையும் வயிற்றுப்போக்கும்தான். அடுத்த பெரும்பஞ்சத்தில், 2010 அக்டோபர் முதல் 2012 ஏப்ரல் வரை, தென் சோமாலியாவிலும் மத்திய சோமாலியாவிலும் ஏறத்தாழ 2,58,000 பேர் இறந்தார்கள். அதில் பாதிப் பேர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். மழை பொய்த்ததற்கும் ஒரு குழந்தை பேதியில் போவதற்கும் நடுவில் என்னென்ன நடக்கிறது என்று புரிய வேண்டுமானால், குடும்பம் ஊரில் இருக்கும்போதிலிருந்தே பார்க்க வேண்டும்.

அங்கே ஆண்டுக்கு இரண்டு மழை. ஏப்ரல் முதல் ஜூன் வரை 'கு', அக்டோபர் முதல் டிசம்பர் வரை 'டெய்ர்'. ஜனவரியிலிருந்து மார்ச் வரை 'ஜிலால்' எனப்படும் கடும் கோடை. 2016-ல் கு மழை குறைந்தது, டெய்ர் ஏறக்குறைய வரவே இல்லை. பே பகுதி சோளம் விளையும் பூமி. நல்ல ஆண்டில் அறுவடையை நிலத்தில் குழி வெட்டிப் புதைத்து வைப்பார்கள், அது அடுத்த மோசமான பருவத்தைத் தாண்டவைக்கும். இரண்டு பருவம் தொடர்ந்து போனால் குழி காலி. ஆனால் சோளம் தீரும் முன்பே வீட்டில் பால் நின்றுவிடுகிறது. மேய்ச்சல் கருகியதும் ஆண்கள் ஒட்டகத்தையும் ஆட்டையும் ஓட்டிக்கொண்டு புல் இருக்கும் இடம் தேடிப் போய்விடுவார்கள். வீட்டில் தங்கும் சின்னப் பிள்ளைகளுக்குப் பாலே முக்கிய உணவு. ஆடு வீட்டைவிட்டுப் போன அன்றே பிள்ளையின் உடம்பு இறங்கத் தொடங்குகிறது. அதனால் கால்நடைக்குத் தடுப்பூசியும் தீவனமும் கொடுப்பதைக் குழந்தைகள் நலத்திட்டத்தில் சேர்க்கலாம் என்பேன். அலுவலகங்கள் அதை வேறு பிரிவு, வேறு நிதி என்று தள்ளி வைத்திருக்கின்றன.

சந்தைக்குப் போனால் இன்னும் தெளிவாகத் தெரியும். கையில் காசில்லாமல் எல்லோரும் ஆட்டை விற்க வருவதால் ஆட்டு விலை சரியும், அதே நேரத்தில் தானிய விலை ஏறும். ஒரு ஆட்டை விற்றால் எத்தனை கிலோ சோளம் வாங்கலாம் என்ற கணக்கை மாதாமாதம் குறித்துவந்தாலே வரப்போவது தெரிந்துவிடும். பஞ்ச எச்சரிக்கை நிறுவனங்கள் இதைத்தான் பின்தொடர்கின்றன. எங்கள் சோமாலி சகாக்கள் எந்த அறிக்கையும் படிக்காமல், சந்தைக்குப் போய்வந்த பெண்களிடம் கேட்டே இதைச் சொன்னார்கள்.

'பஞ்சம்' என்று அதிகாரபூர்வமாக அறிவிப்பதற்கு அளவுகோல்கள் உண்டு. ஒரு பகுதியில் ஐந்தில் ஒரு குடும்பத்துக்காவது உணவு அறவே போதாத நிலை, குழந்தைகளில் 30 சதவீதத்துக்கு மேல் கடும் ஊட்டச்சத்துக் குறைவு, நாளொன்றுக்குப் பத்தாயிரம் பேரில் இரண்டு பேருக்கு மேல் சாவு. மூன்றாவதைக் கவனியுங்கள். ஆட்கள் அந்த வேகத்தில் செத்துக்கொண்டிருந்தால்தான் அறிவிப்பு வரும். 2010 கடைசியிலேயே எச்சரிக்கைகள் வந்தும், ஐ.நா. பஞ்சத்தை அறிவித்தது 2011 ஜூலை 20 அன்று. பெரும்பணம் அதற்குப் பிறகுதான் அசைந்தது. 2017-ல் கொஞ்சம் பாடம் கற்றிருந்தார்கள். பிப்ரவரி 28 அன்று ஜனாதிபதி ஃபர்மாஜோ வறட்சியைத் தேசியப் பேரிடராக அறிவித்தார். மார்ச் 7 அன்று ஐ.நா. பொதுச்செயலாளர் குட்டெரஸ் பைடோவாவுக்கே வந்துபோனார். பணமும் சீக்கிரம் வந்தது. அந்த ஆண்டு பஞ்சம் அறிவிக்கப்படாமல் போனதற்கு அது ஒரு காரணம்.

ஆனால் பணம் வருவதற்குள் மக்கள் நடக்கத் தொடங்கியிருந்தார்கள். பைடோவா நகரம் அரசின் கையிலும் ஆப்பிரிக்க ஒன்றியப் படையின் பாதுகாப்பிலும் இருந்தது. சுற்றியுள்ள கிராமப்புறங்கள் பெரும்பாலும் அல்-ஷபாப் என்ற ஆயுதக் குழுவின் பிடியில். அங்கே உதவி அமைப்புகள் போக முடியாது. அதனால் உதவியைத் தேடி மனிதர்கள்தான் வர வேண்டும். கழுதை வண்டி வைத்திருந்தவர்கள் அதில் வந்தார்கள், மற்றவர்கள் நாட்கணக்கில் நடந்தார்கள். வந்து சேர்ந்ததும் குச்சிகளை வளைத்து நட்டு, மேலே கந்தல் துணியும் சாக்கும் போர்த்திக் குடிசை போடுவார்கள். அதற்குப் பெயர் 'பூல்'. ஒரு வாரத்துக்கு முன் பொட்டலாக இருந்த நிலம் அடுத்த வாரம் பூல்களால் நிறைந்திருக்கும். குழாய் கிடையாது, கழிப்பறை கிடையாது.

முகாம் தானே ஒரு நோய்க்காரணி, நான் சொல்ல வருவதே இதுதான். கிராமத்தில் பலவீனமாகத் தள்ளி இருந்த குழந்தைகள், முகாமுக்கு வந்ததும் அதே பலவீனத்தோடு நெருக்கியடித்து ஒரே தண்ணீரைக் குடிக்கிறார்கள். உணவு கிடைக்கும் இடத்துக்கு வந்து சேர்ந்து அங்கே தொற்றில் இறந்துபோகிறார்கள். ஆகவே, நடக்கத் தொடங்கும் முன்பே அவர்களை எட்டுவது முதல் வேலை. அது முடியாதபோது, முகாமில் சோற்றுக்கு முன்னால் தண்ணீரும் தடுப்பூசியும் இருக்க வேண்டும். இந்த வரிசையை வாயால் எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள், பட்ஜெட்டில் அது தெரியாது.

தண்ணீரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன், எனக்குத் தெரிந்த வேலை அதுதான். அவசரக்காலத்துக்கான சர்வதேசக் குறைந்தபட்ச அளவு ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர். ஒரு குழாய்க்கு 250 பேருக்கு மேல் போகக்கூடாது, வீட்டிலிருந்து 500 மீட்டருக்குள் இருக்க வேண்டும், வரிசையில் அரை மணிக்கு மேல் நிற்கவைக்கக்கூடாது. ஆரம்ப வாரங்களில் இவற்றில் ஒன்றைக்கூட எட்ட முடியாது. அந்தச் சமயத்தில் எதை விட்டுக்கொடுப்பது, எதை விடக்கூடாது என்பதே கேள்வி. அளவைச் சற்றுக் குறைத்தாலும் பரவாயில்லை, தூரத்தைக் குறைக்க வேண்டும் என்பது என் முடிவு. 20 லிட்டர் ஜெரிகேன் நிரம்பினால் 20 கிலோ. அதைத் தூக்கி வருவது பெண்கள், பல நேரம் பத்துப் பன்னிரண்டு வயதுச் சிறுமிகள். தூரம் அதிகமானால் நல்ல தண்ணீர் இருந்தும் அவர்கள் பக்கத்துக் குட்டையில் மொண்டுகொள்வார்கள். யாராக இருந்தாலும் அதையே செய்வார்கள்.

போர்வெல்லிலிருந்து லாரியில் தண்ணீர் வரும், அதைப் பிளாடர் எனப்படும் தொட்டியில் நிரப்புவோம். பெரிய தலையணை ஒன்றைத் தரையில் போட்டுக் காற்றடித்தது போல இருக்கும். அதிலிருந்து வரிசைக் குழாய்கள். லாரித் தண்ணீர் செலவு மிக அதிகம், டீசல் விலை ஏறினால் அதுவும் ஏறும், சாலை அடைபட்டால் நின்றுவிடும். முதல் நாளே போர்வெல்லைப் பழுது பார்க்கும் வேலையையும் சேர்த்துத் தொடங்காவிட்டால் மாதக்கணக்கில் லாரிக்கே பணம் போய்க்கொண்டிருக்கும். அப்புறம் பழுது பார்க்கப் பணமே மிஞ்சாது.

குளோரின் போடுவதில் பலரும் தொட்டியோடு நின்றுவிடுகிறார்கள். குழாய் முனையில் சோதித்தால் அளவு சரியாக இருக்கும். சோதனை மாத்திரையைப் போட்டதும் குளோரின் உள்ள தண்ணீர் இளஞ்சிவப்பாகும், எண்ணைக் குறித்துக்கொண்டு திரும்பிவிடுவோம். காலரா காலத்தில் குழாயில் லிட்டருக்கு 0.5 மில்லிகிராமுக்குக் குறையாமல் எஞ்சிய குளோரின் இருக்க வேண்டும். ஆனால் யாரும் குழாயடியில் குடிப்பதில்லை. பூலுக்குள் கொண்டுபோய் வைத்து, மறுநாள் காலை வரை குடிக்கிறார்கள். அந்த வெயிலில், அழுக்கடைந்த ஜெரிகேனில், குளோரின் சில மணி நேரத்தில் கரைந்துபோகும். நாங்கள் வீட்டுக்குள் இருக்கும் ஜெரிகேனைச் சோதிக்கத் தொடங்கியபோது பல இடங்களில் நிறமே மாறவில்லை. அப்புறம் இரண்டு விஷயம் செய்தோம். குழாயில் அளவைக் கூட்டினோம். வாரம் ஒரு முறை, கூழாங்கல்லும் குளோரின் கரைசலும் போட்டு ஜெரிகேனைக் குலுக்கிக் கழுவித் தர ஆள் வைத்தோம். அளவைக் கூட்டியதும் வாடை அடிக்கிறது என்று புகார் வந்தது. வாடையில்லாத குட்டைத் தண்ணீருக்குச் சிலர் திரும்பினார்கள். அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு அளவைக் கண்டுபிடிப்பது பேச்சுவார்த்தை வேலை, வேதியியல் அல்ல.

கலங்கிய தண்ணீரில் குளோரின் வேலை செய்யாது, அழுக்கே அதைத் தின்றுவிடும். படிகாரம் போட்டுத் தெளியவைத்த பிறகே குளோரின், அதற்குப் பிறகும் அரை மணி நேரம் விட வேண்டும். நகரில் கழுதை வண்டியில் தண்ணீர் விற்பவர்கள் இருந்தார்கள். அவர்களைத் தடுக்கலாமா என்று ஒரு கூட்டத்தில் பேச்சு எழுந்தது. நல்ல வேளை, நடக்கவில்லை. அவர்கள் நிரப்பும் இடத்தில் ஒருவரை உட்காரவைத்து, வண்டிக்கு வண்டி ஊசிக்குழாயால் குளோரின் கரைசல் விட்டுக்கொடுத்தோம். எங்கள் லாரிகள் எட்டாத சந்துகளுக்கெல்லாம் சுத்தமான தண்ணீர் போய்ச் சேர்ந்தது.

கழிப்பறை கட்டுவது பைடோவாவில் தனிப்பாடு. நகரம் சுண்ணாம்புப் பாறைமேல் இருக்கிறது, கொஞ்சம் தோண்டினாலே கடப்பாறை தெறிக்கும். நிலமோ தனியாருடையது. சொந்தக்காரர் சம்மதிக்காமல் குழி வெட்ட முடியாது, வெட்டினாலும் நாளைக்கு முகாமையே காலி செய்யச் சொல்வார். எழுத்தில் ஒப்பந்தம் போட்டு, ஊர்ப் பெரியவர்களைச் சாட்சியாக வைத்து, அதன் பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். உள்பக்கம் தாழ்ப்பாள் இல்லாத கழிப்பறையைப் பெண்கள் பயன்படுத்த மாட்டார்கள் என்பதையும் பட்டியலில் முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். தாழ்ப்பாளுக்கு ஆகும் செலவு மிகச் சிறியது, அது இல்லாவிட்டால் மொத்தச் செலவும் வீண்.

அந்த ஆண்டு சோமாலியாவில் காலரா என்று சந்தேகிக்கப்பட்டவர்கள் 78,000-க்கு மேல், இறந்தவர்கள் 1,159. நல்ல சிகிச்சை கிடைத்தால் காலராவில் நூற்றில் ஒருவருக்கும் குறைவாகவே இறக்க வேண்டும். அந்த அளவை நாடு தாண்டியதற்கு மருந்துப் பற்றாக்குறையைவிட தூரமும் இரவும் பெரிய காரணம் என்று எங்கள் மருத்துவக் குழு சொல்லும். கடும் காலராவில் பெரியவர் ஒருவர் மணிக்கு ஒரு லிட்டர் வரை இழக்கலாம். சாயங்காலம் தொடங்கினால் விடிவதற்குள் முடிந்துவிடும். பாதுகாப்புக் காரணத்தால் இரவில் நடமாட்டம் இல்லை. வண்டிக்குக் காசில்லை. காலையில் சிகிச்சை மையத்துக்குத் தூக்கி வருகையில் நாடி இருக்காது. மையத்தில் நடுவில் ஓட்டை போட்ட கட்டில்கள், கீழே வாளி, நரம்பில் ஏற்றும் ரிங்கர் லாக்டேட் திரவ பாட்டில்கள் என்று எல்லாம் இருக்கும். கட்டில் காலியாகவும் இருக்கும்.

அதை மாற்றியது பெரிய கூடாரம் அல்ல. முகாம் கொத்து ஒவ்வொன்றிலும் ஒரு பெண்ணைத் தேர்ந்து, குழாய் வைத்த வாளி, தம்ளர்கள், ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டுகள் கொடுத்து அவருடைய பூலையே, உடம்பு இழந்த நீரை ஈடுகட்டும் மையமாக்கினோம். அவர் இரவிலும் அங்கேதான் இருக்கிறார் என்பதே முக்கியம். பாக்கெட் தீர்ந்துவிட்டால் ஒரு லிட்டர் சுத்தத் தண்ணீரில் ஆறு மட்டத் தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. நோயாளியை ஏற்றிவரும் பஜாஜ் மூன்று சக்கர வண்டிக்காரருக்கு மையத்தின் வாசலிலேயே வாடகையைக் கொடுக்கும் ஏற்பாடும் செய்தோம். கணக்குப் பிரிவுக்கு அந்த ரசீதுகள் பிடிக்கவே இல்லை.

கடும் ஊட்டச்சத்துக் குறைவுள்ள குழந்தைக்குக் காலரா வந்தால் விஷயம் வேறு. மேல்கை நடுச்சுற்றளவு 115 மில்லிமீட்டருக்குக் கீழே இருக்கும் பிள்ளைகளைச் சொல்கிறேன். அந்த உடம்பில் இதயமும் சிறுநீரகமும் பலவீனமாக இருக்கும். வழக்கமான வேகத்தில் டிரிப் ஏற்றினால் அதுவே கொன்றுவிடலாம். முதல் நாட்களில் நிறைய ஊட்டினாலும் ஆபத்து, இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக, இதற்கென்றே தயாரித்த சிகிச்சைப் பால் கொடுப்பார்கள். உடம்பு நிலைப்பட்ட பிறகுதான் சத்துகள் சேர்த்த வேர்க்கடலைப் பசை. 92 கிராம் பாக்கெட், 500 கலோரி, தண்ணீர் கலக்கவே வேண்டாம் என்பதால் அசுத்தத் தண்ணீர் உள்ளே போகாது. ஓர் எஞ்சினியராக எனக்கு அந்தப் பாக்கெட்மேல் தனி மரியாதை. மற்றபடி இந்த இடத்தில் வெளியாள் ஆர்வத்தில் கைவைக்கக்கூடாது, செவிலியர் சொல்வதைக் கேட்க வேண்டும். பிஸ்கட் கொடுக்கிறேன் என்று வந்த பார்வையாளர்களை எங்கள் செவிலியர் ஒருவர் வாசலிலேயே நிறுத்தி அனுப்பிவிட்டார். அவர் செய்தது சரி.

தட்டம்மை பற்றி ஒரே வரி: முகாமுக்குள் நுழையும் அன்றே ஊசி. ஆறு மாதம் முதல் பதினைந்து வயது வரை, கூடவே சின்னப் பிள்ளைகளுக்கு வைட்டமின் ஏ. 2017-ல் சந்தேகத் தட்டம்மை 20,000-ஐத் தாண்டியது. நாடு தழுவிய இயக்கம் 2018-ல்தான் நடந்தது.

மழை வந்ததும் எல்லாம் தீர்ந்தது என்று தூரத்தில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். ஏப்ரலில் மேகம் கூடியபோது முகாமில் சிரிப்பைப் பார்த்தேன், எங்கள் கூட்டத்திலோ எல்லோர் முகமும் இறுகியிருந்தது. மாதக்கணக்கில் வெட்டவெளியில் கழித்த மலமெல்லாம் முதல் மழையில் கிணற்றுக்குள்ளும் குட்டைக்குள்ளும் வரும். செத்த ஆடுமாடுகள் வேறு. லாரிகள் சேற்றில் நிற்கும். துணி போர்த்திய பூல் நனைந்து, ஒட்டியுலர்ந்த குழந்தைகளுக்கு இரவில் குளிர் தாங்காது. பிளாஸ்டிக் விரிப்பும் போர்வையும் குளோரினும் மழைக்கு முந்தின மாதமே கிடங்கில் இருக்க வேண்டும். மழை நல்லதுதான், அறுவடை ஜூலையில். நடுவில் மூன்று மாதம் இருக்கிறது.

உதவியில் எது நன்றாக வேலை செய்தது என்று கேட்டால் பணம் என்பேன். சோமாலியாவில் செல்போன் வழிப் பணம் எல்லா இடத்திலும் ஓடுகிறது, தேநீர்க் கடையில்கூட. பெரியவர்களில் பத்தில் ஏழு பேருக்கு மேல் பயன்படுத்துவதாக உலக வங்கி 2017-ல் சொன்னது. டாலரில் வரும். லாரி போக முடியாத கிராமத்துக்கும் குறுஞ்செய்தி போகும், வியாபாரி தானியத்தை எப்படியோ கொண்டுபோய்விடுவார். நடக்கத் தொடங்கும் முன்பே எட்டுவது என்று சொன்னேனே, அதற்கு இருந்த உண்மையான வழி இது ஒன்றுதான். ஆனால் சந்தையில் சரக்கு இருந்தால்தான் இது பலிக்கும், விலையை வாரம்தோறும் பார்த்துத் தொகையை மாற்ற வேண்டும். சிம் கார்டு யார் கையில் இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். குடும்பத்தின் பெண்ணிடம் இருந்தால் சாப்பாடாக மாறும் வாய்ப்பு அதிகம்.

யார் கையில் என்ற கேள்வி முகாமில் இன்னும் கூர்மையாகும். ஒவ்வொரு முகாமுக்கும் ஒரு பொறுப்பாளர் இருப்பார். நிலம் பிடித்துக் கொடுத்தவர், காவலுக்கு ஆள் வைத்தவர், பட்டியல் எழுதுபவர். கிடைக்கும் உதவியில் ஒரு பங்கு அவருக்குப் போகும். அவரைத் திருடன் என்று ஒதுக்கிவிடலாம், ஆனால் அவர் இல்லாமல் அந்த நிலத்தில் யாரும் தங்கியிருக்கவே முடியாது. அவரோடு பேசியே ஆக வேண்டும், பட்டியலை மட்டும் அவரிடம் விடக்கூடாது. எங்கள் பெண் ஊழியர்கள் பூல் பூலாகப் போய் எழுதினார்கள். பெயர்களை வெளிப்படையாகப் படித்தோம். புகார் எண்ணை அவருக்குச் சம்பந்தமில்லாதவர்கள் எடுத்தார்கள். 2011 பஞ்சத்தில் அதிகம் இறந்தவர்கள் ரஹன்வெய்ன் குலத்தாரும் பாண்டு சமூகத்தாரும். வெளிநாட்டில் பணம் அனுப்பச் சொந்தம் இல்லாதவர்கள், துப்பாக்கி பலம் இல்லாதவர்கள். வறட்சி எல்லோருக்கும் பொது, பட்டியல் அப்படி இல்லை. 'இந்த முகாமில் யார் பெயர் விட்டுப்போயிருக்கிறது' என்று முகாமுக்கு வெளியே கேளுங்கள், உள்ளே கேட்டால் பதில் வராது.

இறப்புகளும் அப்படித்தான், மருத்துவமனைப் பதிவேட்டில் மருத்துவமனைக்கு வந்தவர்கள் மட்டுமே இருப்பார்கள். முகாம் ஓரத்தில் புதிதாக எழும் மண்மேடுகளை வாராவாரம் எண்ணச் சொல்லி ஒருவரை வைத்திருந்தோம். கேட்கக் கொடூரமாக இருக்கலாம். ஆனால் எந்த மூலையில் தண்ணீர் கெட்டிருக்கிறது என்று எங்களுக்கு முதலில் சொன்னது அந்தக் கணக்கு. காலராவில் இறந்தவர் உடலைக் குளிப்பாட்டுவதிலும் தொற்று உண்டு. அதற்கு ஷேக்குகள் எனப்படும் மதப் பெரியவர்களிடம் பேசி, குளோரின் கரைசலும் கையுறையும் கொண்டு சடங்கை அவர்களே செய்யும்படி ஆயிற்று. ரமலானில் நோயாளி நோன்பை விடலாம் என்று ஒலிபெருக்கியில் சொன்னதும் அவர்களே. நாங்கள் அச்சிட்ட சுவரொட்டிகளைவிட அந்த ஐந்து நிமிட அறிவிப்பு பலித்தது.

வெளிநாட்டவனான எனக்கு விமான நிலையத்தை ஒட்டிய வளாகத்தில் வாசம். முகாமுக்குப் போனால் துப்பாக்கிக் காவலோடு ஒரு மணி நேரம், அதற்குள் திரும்பிவிட வேண்டும். இங்கே 'நாங்கள்' என்று எழுதியவற்றில் பெரும்பகுதியைச் செய்தவர்கள் சோமாலி ஊழியர்கள். அவர்களில் பலர் தாங்களும் இடம்பெயர்ந்தவர்கள், சம்பளத்தில் பத்துப் பதினைந்து உறவினர்களைக் காப்பவர்கள். இந்த வேலைக்குப் போக நினைப்பவர்கள் முதல் வாரத்தில் யோசனை சொல்லாமல் இருந்தாலே பாதி நன்மை.

கொடுக்க நினைப்பவர்களுக்கு: பழைய துணி, பால் பவுடர், ஊட்டும் பாட்டில் வேண்டாம். அசுத்தத் தண்ணீர் உள்ள இடத்தில் பால் பவுடர் குழந்தையைக் கொல்லும். பணமாகக் கொடுங்கள், அந்த நாட்டில் முன்பிருந்தே வேலை செய்யும் அமைப்புக்குக் கொடுங்கள். மழை பொய்த்த செய்தி வந்ததுமே கொடுங்கள். எலும்பும் தோலுமான குழந்தையின் படம் வருவது கடைசிக் கட்டத்தில்.

2020 கடைசியிலிருந்து ஐந்து மழைப்பருவங்கள் வரிசையாகப் பொய்த்தன. 2022 செப்டம்பரில் பைடோவா, அதே பே பகுதியில் உள்ள புர்ஹகாபா இரண்டிலும் பஞ்சம் வாசலில் நிற்பதாக ஐ.நா. எச்சரித்தது. உதவி குவிந்தது, அறிவிப்பு வரவில்லை. 'பஞ்சம் தவிர்க்கப்பட்டது' என்று எழுதினார்கள். பிறகு வந்த ஆய்வு 2022-ல் மட்டும் வழக்கத்தைவிட 43,000 பேர் கூடுதலாக இறந்திருக்கலாம் என்று மதிப்பிட்டது, மறுபடியும் பாதிப் பேர் ஐந்து வயதுக்குள். அறிவிப்பு வராததை வெற்றியாக எண்ணுபவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை.

அந்தப் பக்கம் இப்போது டீசலை விட்டுச் சூரியசக்தி பம்புகளுக்கு மாறி வருகிறார்கள். நல்ல மாற்றம், எரிபொருள் லாரியை நம்ப வேண்டியதில்லை. ஆனால் திட்டத்தில் பேனலுக்கும் திறப்பு விழாவுக்கும் காசு இருக்கும், கன்ட்ரோலர் பெட்டி எரிந்துபோனால் புதிது வாங்க ஒரு வரிகூட இருக்காது. நான் இப்போது எந்தக் கிணற்றுத் திட்ட வரைவைப் பார்த்தாலும் அந்த வரி இருக்கிறதா என்று முதலில் தேடுகிறேன். இல்லாவிட்டால் கையெழுத்துப் போடுவதில்லை.